மலைத்தடத்துக்கு வரும் புதுக் கண்டக்டர், டிரைவர்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஓட்டுநருடன் நடத்துநர், அதாவது இரண்டும் தெரிந்த ஒரே ஆள், என்ற வேலைக்கு 3,274 பேரை எடுப்பதாக 2025 மார்ச் மாதம் அறிவிப்பு வந்தது. அதில் சேலத்துக்கு மட்டும் 486 இடம். கும்பகோணத்துக்கு அடுத்து நமக்குத்தான் அதிகம். ஜூலையில் எழுத்துத் தேர்வு நடந்தபோது எங்கள் மலையிலிருந்தும் நாலைந்து பையன்கள் கீழே போய் எழுதிவிட்டு வந்தார்கள். இப்படி வேலைக்கு வருகிறவர்களை எப்படி வரவேற்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். டிப்போவில் மாலை போடுவார்கள், இனிப்பு கொடுப்பார்கள், அதிகாரிகள் நாலு வார்த்தை பேசுவார்கள். அது நடக்கட்டும். அதற்கு அப்புறம் நடக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கடிதம் கொஞ்சம் நீளம்தான். வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போகும் ரோட்டில் ஒரு சின்ன ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி வந்து தங்கி விடியற்காலையில் கிளம்பும் ஹால்ட் வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே கடை. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் எந்த வண்டி, எந்தக் கண்டக்டர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நான் எழுதப்போவதில் பாதி, அவர்கள் டீ குடித்துக்கொண்டே சொன்னது. நீங்கள் அச்சடிக்கும் பேப்பரும் காலையில் சேலத்திலிருந்து ஏறி வரும் வண்டியில்தான் எங்களுக்கு வருகிறது. மாத்திரை, மோட்டார் பம்புக்கு ஒரு வாஷர், சம்பந்தி வீட்டார் கொடுத்தனுப்பும் ஜாதகம், எல்லாம் அதில்தான்.

என் தம்பி மகனும் இந்த வேலைக்கு ஆசைப்பட்டான். பத்தாம் வகுப்பு பாஸ், ஹெவி லைசென்ஸ், கண்டக்டர் லைசென்ஸ், முதலுதவிச் சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தது. உயரம் 160 சென்டிமீட்டர் வேண்டும் என்றார்கள். சுவரோடு நிறுத்தி, தலையில் ஸ்கேல் வைத்து, டேப் பிடித்துப் பார்த்தோம். ஒரு விரற்கடை குறைந்தது. இப்போது எஸ்டேட் லாரி ஓட்டுகிறான். அவன் கதை இருக்கட்டும்.

என் மாமனார் கடைசி வரை ‘அண்ணா பஸ்’ என்றுதான் சொன்னார். 1973-ல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகம் தொடங்கியதிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்தான். 1997-ல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆக்கினார்கள், அவர் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கும் அந்தக் காலத்திலிருந்து கண்டக்டர்களையும் டிரைவர்களையும் தெரியும். என்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள் ரிட்டையர் ஆகிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது வருகிறவர்கள் அம்மா என்கிறார்கள். இந்த 486 பேரில் கடைக்குட்டி எவனாவது ஆயா என்று ஆரம்பித்துவைப்பான்.

ஹால்ட் வண்டிக்குப் புதிதாக ஒருவர் வந்தால் கேட்காமலே தெரிந்துவிடும். எடப்பாடிப் பக்கமோ ஓமலூர்ப் பக்கமோ வெயிலில் வளர்ந்த பையனாக இருப்பார். ஒரு மெல்லிசுச் சட்டை, ஒரு துண்டு, தோளில் ஒரு பை. இறங்கியதும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க மாட்டார். “அம்மா, இங்க டவர் எங்கீங்க கிடைக்கும்?” என்பார். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரம் ஒரு இடம் இருக்கிறது, அங்கே கையைக் காட்டுவேன். வீட்டுக்குப் பேசிவிட்டுத் திரும்பி வருவதற்குள் பல் தந்தியடிக்க ஆரம்பித்திருக்கும்.

அப்புறம் கணக்கு. கடைசி நீள சீட்டில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தில் பையைக் கவிழ்ப்பார். பத்து ரூபாய்க் காசு தனி, ஐந்து தனி, இரண்டு தனி என்று அடுக்குவார். டிக்கெட் மெஷின் காட்டும் தொகைக்கும் பையில் இருப்பதற்கும் நூறு, நூற்றைம்பது இடிக்கும். மறுபடி எண்ணுவார். குறைந்தால் கைக்காசைப் போட்டுத்தான் கட்ட வேண்டும். ஒரு நாள் ஒரு பையன் திரும்பத் திரும்ப எண்ணி முகம் சுண்டி உட்கார்ந்திருந்தபோது, டிரைவர் எழுந்து போய் அவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே மடித்த நூறு ரூபாய் நோட்டு. நெரிசலில் அங்கே செருகியிருக்கிறான். “கலெக்ஷன் காசு சட்டைப் பையில போவக்கூடாது தம்பி. செக்கர் ஏறினா அது உனக்குக் கேஸு” என்றார். பையன் மறுநாளே சட்டைப் பையின் வாயை ஊசி நூலால் தைத்துக்கொண்டு வந்தான். ஊசி நான்தான் கொடுத்தேன்.

அந்த டிரைவர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் நான் சட்னி தாளித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். “அஸ்தம்பட்டில ஏறுனவனுக்குக் கோரிமேடு வர்றதுக்குள்ள டிக்கெட் குடுத்திரணும். அடிவாரம் செக்போஸ்ட்டுக்குள்ள மொத்தத்தையும் முடிச்சிரு. வளைவு ஆரம்பிச்சிருச்சுன்னா நீ கம்பியப் புடிச்சிக்க.” அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவு. சமவெளியில் வண்டி ஓடும்போது ஒரு கையில் மெஷினும் ஒரு கையில் நோட்டுமாக நின்று பழகியவர், இரண்டாவது வளைவிலேயே யார் மடியிலாவது உட்கார்ந்துவிடுவார். மலையில் மெஷின் கழுத்தில் தொங்க வேண்டும், இடுப்பு சீட்டின் ஓரத்தில் சாய வேண்டும், முட்டி விறைக்கக் கூடாது. இதை அவர் என் கடைப் பெஞ்சு ஓரத்தில் நின்று செய்து காட்டுவார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பையன்கள் சிரிக்காமல் பார்ப்பார்கள்.

டிரைவர் பாடம் வேறு. ‘ஏறின கியர்லயே எறங்கு’ என்பது மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாரும் சொல்வது. புதியவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் கே.எம்.பி.எல். என்று ஒன்று இருக்கிறதே, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற கணக்கு, அது டிரைவர்களின் பேச்சில் வராத நாளே இல்லை. நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று வந்த பையனுக்கு, இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினால் டீசல் மிச்சம் என்று தோன்றும். பெரியவர் அதை ஒரே அடியில் உடைத்துவிடுவார். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் போட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும், லைனிங் சூடேறிப் பிடிப்புப் போகும், மிதிக்க மிதிக்க, பிரேக்கை இயக்குகிற காற்றும் இறங்கும். போதாததற்கு, இப்போதைய வண்டிகளில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் டீசல் போவதே நின்றுவிடுகிறதாம், நியூட்ரலில்தான் இன்ஜின் சும்மா ஓடிக் குடிக்கிறதாம். அப்படியென்றால் உருட்டுகிறவனுக்கு மிச்சமும் இல்லை, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

விடியற்காலையில் அவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, காற்று ஏறும் வரை கீழே நின்று டீ குடிப்பார். குளிரில் நின்ற வண்டி, காற்று ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்த உறுமல்தான் அலாரம். புதியவர் ஒருவர் அவசரமாக ஏறி உட்கார்ந்து கியரைப் போடப் போனார். “முள்ளைப் பாத்தியா?” என்று கேட்டார், அவ்வளவுதான். பையன் ஏர் மீட்டரைப் பார்த்தான், இறங்கி வந்து அவனும் ஒரு டீ வாங்கிக்கொண்டான்.

2024 ஏப்ரல் 30-ம் தேதி மாலை ஏற்காடு மலைப்பாதையில் 13-வது வளைவுப் பக்கம் ஒரு தனியார் பஸ் பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயின. அந்த வாரம் முழுக்க என் கடையில் டிரைவர்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு வண்டி ஓட்டவும் தெரியும், டிக்கெட் கொடுக்கவும் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் என்றால் ஒரே ஆளை வைத்து வண்டியை அனுப்பிவிடலாமே என்று எங்காவது யாராவது கணக்குப் போட்டால், மலைத்தடத்தில் அந்தக் கணக்கு வேண்டாம். மலை ரோட்டில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். மரியாதைக்காகச் சொல்லவில்லை, சாலை விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு காரில் வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. வளைவின் நடுவில் வந்து முட்டிக்கொண்டு விழிப்பார்கள். அப்போது கண்டக்டர்தான் இறங்குவார். முன்னால் போய்க் காரை ஒதுக்கச் சொல்லி, பின்னால் ஓடி வந்து, பஸ்ஸின் பின் சக்கரத்துக்கும் ரோட்டு விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று குனிந்து பார்த்து விசில் ஊதுவார். அந்த விசிலை நம்பித்தான் டிரைவர் பின்னால் எடுப்பார். கண்ணாடியில் தெரிவது பனிமூட்டம் மட்டும்தான். ஓட்டவும் தெரிந்த ஒருவர் பின்னால் நின்று விசில் ஊதினால் முன்னைவிட நல்லதுதானே. அதனால் இந்தப் புது ஏற்பாட்டில் எனக்குச் சந்தோஷமே. இரண்டு பேராக இருக்கும் வரைக்கும்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் பக்கம் நிறைய வருடம் வண்டி ஓட்டிய ஒரு பெரியவர் ஒரு மே 31-ம் தேதி ஓய்வு பெற்றார். அரசு வேலையில் நிறையப் பேர் அன்றைக்குத்தான் ஓய்வு பெறுவார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வயதைச் சரிக்கட்டி மே, ஜூன் என்று ஒரு பிறந்த தேதி போட்டுவிடுவார். ஆக, கோடை விழாக் கூட்டம் வடிந்து முடிகிற நேரத்தில் பழைய ஆட்கள் வீட்டுக்குப் போகிறார்கள், பள்ளி திறக்கிற நேரத்தில் புது ஆட்கள் தடத்துக்கு வருகிறார்கள்.

அந்தப் பெரியவர் இடத்துக்கு வந்த புதியவருக்குத் தடம் காட்டியது மே மாதத்தில். மே மாதத்தில் பள்ளிக்கூடம் லீவு. எங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள் காலையில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நிற்பார்கள். அங்கே போர்டும் கிடையாது, நிழற்குடையும் கிடையாது, மெஷினில் அந்த இடத்துக்கு ஸ்டேஜும் கிடையாது. லீவில் யாரும் அங்கே நிற்காததால் புதியவர் கண்ணில் அந்த இடமே பட்டதில்லை. பள்ளி திறந்த அன்று வண்டி அங்கே நிற்காமல் போய்விட்டது. பிள்ளைகள் கையைக் காட்டியிருக்கிறார்கள், பனியில் தெரியவில்லை. புதுப் பை, புது யூனிபார்மோடு வந்த பிள்ளைகள் அந்த நாலைந்து கிலோமீட்டரை நடந்தே போய்ச் சேர்ந்தபோது முதல் பீரியட் முடிந்துவிட்டது. எந்த வண்டி, யாருடைய வண்டி என்பது இங்கே வேண்டாம். சாயங்காலம் என் கடையில் அந்தப் பையன் அதைக் கேள்விப்பட்டுத் தட்டில் இருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டான். அவன் மேல் என்ன தப்பு? யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பெரியவர் சேலம் அழகாபுரத்தில் பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். மலைத்தடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை, பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு போதும். ஓய்வு பெறப்போகிறவர்களை அதற்கு முந்தைய மாதம் உட்காரவைத்து, தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதிவையுங்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் எட்டாத தூரத்தில் இல்லை. பாதிப் பேர் சேலத்தைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், கூப்பிட்டால் ஓடி வருவார்கள். ஒரு நாள் பேட்டாவும் இரண்டு வேளை டீயும் கொடுத்தால், நிறுத்தச் சொன்னாலும் பேச்சை நிறுத்த மாட்டார்கள். அப்புறம் புதியவரைத் தனியாக அனுப்பும் முன் இரண்டு வாரம் தடம் தெரிந்தவரோடு ஹால்ட் வண்டியில் அனுப்புங்கள். காலை, சாயங்காலம், சந்தை நாள், லீவு நாள் எல்லாம் அதற்குள் ஒரு தடவையாவது வந்துவிடும். வராததற்குத்தான் நோட்டு.

எங்கள் தடத்து நோட்டில் என்ன இருக்கும் என்று எனக்கே தெரியும். சில்வர் ஓக் மரம் முதல் பக்கத்தில் இருக்கும். நவம்பரில் காபிப் பழம் எடுக்க ஆரம்பித்தால் பிப்ரவரி வரைக்கும் காலைக் கூட்டம் ஒரே இடத்தில் இருக்காது. இந்த வாரம் ஒரு எஸ்டேட் கேட், அடுத்த வாரம் வேறொன்று. முந்தின நாள் சாயங்காலம் இறங்கும் பெண்களிடம் “நாளைக்கு எங்கம்மா?” என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும். அதற்குள்ளேயே மிளகும் வந்துவிடும். மிளகு மூட்டை சின்னதாக இருந்தாலும் சொந்தக்காரர் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டேதான் வருவார், பின்பக்கம் போடச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம், லக்கேஜ் டிக்கெட் போட்டுக் காலடியில் வைக்க விடுங்கள். பலாப்பழம் அப்படியில்லை, அது எங்கே உருண்டாலும் யாருக்கும் கவலையில்லை, மிதிபடுகிறவரைத் தவிர.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்யப் போகிறவர் ஒருவர் எங்கள் பக்கம் இருக்கிறார். முதல் வண்டியில் ஏறுவார், ஏறும்போது நன்றாகத்தான் இருப்பார். திரும்பி வரும்போது கால் தள்ளாடும். பழைய கண்டக்டர் அவருக்கு முன் சீட்டைப் பிடித்துவைப்பார், இறங்குமிடத்தில் வீட்டு ஆள் வந்து கையைப் பிடிக்கும் வரை விசில் கொடுக்க மாட்டார். புதியவர் இரட்டை விசில் கொடுத்துவிட்டால் வண்டி கிளம்பிவிடும். அவருக்கு எப்படித் தெரியும், அந்த மனிதர் குடித்துவிட்டுத் தள்ளாடவில்லை என்று? இதை நோட்டில் பெயர் போடாமல் ஒரு வரி எழுதினால் போதும்.

முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள், நல்ல விஷயம். மலைத்தடத்தில் அதற்கு முதல் வேலை வாந்திதான். கீழேயிருந்து வருகிற குடும்பம் புது பஸ் ஸ்டாண்டில் புரோட்டா சாப்பிட்டுவிட்டு, பிள்ளையைக் கடைசி சீட்டில் உட்காரவைத்து, கையில் போனும் கொடுத்திருக்கும். மூன்றாவது வளைவில் ஆரம்பிக்கும். பழையவர்கள் அடிவாரத்திலேயே ஒரு சுற்றுப் பார்த்து, முகம் வெளிறிய பிள்ளையை முன்னால் வரச் சொல்லி, போனை வாங்கி அம்மாவிடம் கொடுத்து, “தூரமாப் பாருடா கண்ணு” என்பார்கள். தங்கள் சீட்டுப் பக்கம் கவர் நாலு தொங்கவிட்டிருப்பார்கள், பழைய பேப்பரும் வைத்திருப்பார்கள். உங்கள் பேப்பர் இதற்கும் உதவுகிறது, தவறாக நினைக்க வேண்டாம்.

ஏற்காட்டுக்கு இருக்கிற இன்னொரு ரோடான குப்பனூர் வழியையும் புதியவர்களுக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் தொடக்கத்தில், மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுபோனது. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கச் சொல்லி மாற்றிவிடுவதும் உண்டு. அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த ரோட்டைப் பார்க்கிறேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவர் சொன்னால், பின்னால் உட்கார்ந்திருக்கிற ஐம்பது பேரின் வயிற்றில் புளியைக் கரைக்காதா? குரங்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரில் வருகிறவர்கள் வளைவுக்கு வளைவு வாழைப்பழம் போட்டுப் பழக்கியதில், வண்டி வேகம் குறைந்தாலே அவை ரோட்டுக்கு வந்துவிடுகின்றன. ஹாரனுக்கு எல்லாம் அசையாது.

கீழே டவுன் வண்டியில் போகிற புதியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சேலத்துக்குப் போனால் நானும் அதில்தான் ஏறுகிறேன். சில பேர் அந்த டிக்கெட்டைக் கொடுக்கும்போது தன் வீட்டு நெல்லை அளந்து போடுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு அரசு கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. நான் ஏறினால்தான் அந்தப் பணம் வரும், அதிலிருந்துதான் சம்பளமும் வரும். ஆகவே தம்பி, நிறுத்தத்தில் பெண்கள் கூட்டமாக நின்றால் வண்டியை இருபதடி தள்ளி நிறுத்தி எங்களை ஓடவிட வேண்டாம்.

சரி, எங்கள் ஜனங்களுக்கும் சொல்கிறேன், ஒருபக்கமாகப் பேசுவது நியாயமில்லை. விடியற்காலை முதல் சிங்கிளில், அதாவது முதல் நடையில், ஐந்நூறு ரூபாயை நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் கண்டக்டர் பையில் என்ன இருக்கும்? போனைக் காட்டிப் பணம் கட்டுகிற மெஷின் வந்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறீர்கள், மலையில் பாதி வளைவில் சிக்னலே இல்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி ஏற்காடு போய்ச் சேர்ந்துவிடும். சில்லறை கொண்டுவாருங்கள். பையன் புதிது என்று தெரிந்தால், உங்கள் நிறுத்தம் வரும் முன்பே எழுந்து “அடுத்த வளைவு தாண்டி எறக்கம் தம்பி” என்று சொல்லுங்கள். தாண்டிப் போன பிறகு கத்துவதற்கு இது பரவாயில்லை. கடைசி வண்டியில் குடித்துவிட்டு ஏறி வம்பு பண்ணுகிற ஆட்களை ஊர்க்காரர்கள்தான் அடக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்த பையன் எப்படி அடக்குவான்? மறுநாள் அதே ஊரில்தானே அவன் படுத்துத் தூங்க வேண்டும்.

தூங்குவது என்றதும் நினைவுக்கு வருகிறது. ஹால்ட் வண்டிக்காரர்கள் வண்டிக்குள்ளேதான் படுக்கிறார்கள். ஜன்னல் ஷட்டரை எவ்வளவு இழுத்துவிட்டாலும் மார்கழியில் உள்ளே பனி வரும். படிக்கட்டுக் கதவு இடுக்கில் சாக்கைச் செருகிவைப்பார்கள். ஒரு அறை, இரண்டு கட்டில், கம்பளி, ஒரு கழிப்பறை, வெந்நீருக்கு ஒரு வழி, இவ்வளவுதான் தேவை. யார் கட்டுவது, இடம் யார் கொடுப்பது என்று பேச்சு நடக்கிறது, நடந்துகொண்டே இருக்கிறது. பெண்கள் கண்டக்டராகவும் டிரைவராகவும் வருகிற காலம் இது. கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி 1993-லேயே அரசு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு எங்கள் ஹால்ட் வண்டிக்கு ஒரு பெண் வந்தால் அவள் எங்கே போவாள்? என் வீட்டில் படுக்கலாம், இடம் இருக்கிறது, எனக்குப் பேச்சுத்துணையும் ஆகும். ஆனால் வேலைக்கு எடுக்கிறவர்கள் இட்லிக் கடைக்காரியை நம்பி ஆள் அனுப்பக்கூடாது இல்லையா?

அதெல்லாம் வருகிற வரைக்கும், எங்கள் ஊருக்கு வரும் புதியவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். ஸ்வெட்டர், குல்லா கொண்டுவாருங்கள். மறந்துவிட்டால் என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய கம்பளி ஒன்று இருக்கிறது, காலையில் மடித்துக் கொடுத்துவிட வேண்டும். பகல் சிங்கிளில் வரும்போதே ராத்திரிக்கு எத்தனை பேர் என்று சொல்லிவிட்டால் மாவு எடுத்து வைப்பேன். சொல்லாமல் வந்தால் களியும் கீரையும்தான். முதல் மாதம் கணக்கு எழுதிக்கொள்ளலாம், சம்பளம் வந்ததும் கொடுத்தால் போதும். காரச் சட்னி ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லவும்.

இப்படிக்கு,
ஹால்ட் வண்டி நிற்கும் இடத்து இட்லிக் கடைக்காரம்மா,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.